முதுகு இல்லாத படம்

— ஏட்டி தேவமணி, இந்தப் படத்துல முதுகு எங்கட்டி இருக்கு? இப்பம்தான் ஆயா கையில கவுனப் பாத்தேன். நீ பாட்டுக்கு முதுகு பூராவும் பூவாத் தைச்சு வச்சிருக்கியே!

— வரைஞ்சாத்தானே அண்ணே முதுகு இருக்கும்? அந்தப் பொம்பள நம்மளப் பாத்துல்லா நிக்கா. அவ பின்னால என்ன இருக்குன்னு வரைஞ்சவருக்கே தெரியாது.

— சவம், கெடுத்தியே காரியத்த! துரைசாணி அதப் போட்டுக்கிட்டு இருக்காவ. விருந்துக்கு ஜட்ஜ் துரை வண்டியும் வந்தாச்சு. மெட்ராஸ் தையக்காரன் எதுக்கும்மா, எங்கூடப் பொறந்தவ தைப்பான்னு நான்லா வாய் குடுத்தேன்! இதுல பிசகுனா என் பட்லர் வேலையும் போச்சு, உன் தையலும் போச்சு.

— ஸ்தோத்திரம், கொஞ்சம் பைய இருங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு கொழும்புல காலராவுல போனப்பம், கைப்பிள்ளையோட என்னைய இங்கன கூட்டியாந்தது நீங்கல்லா. பழைய துரைசாணி கழிச்சுப் போட்ட பிரெஞ்சுப் புத்தகத்தையெல்லாம் கொண்டாந்து குடுத்ததும் நீங்கதான். அதப் பாத்துத்தானே நான் தைக்கப் படிச்சேன்!

— அந்தப் புத்தகத்துல முதுகு இருந்துச்சேட்டி!

— இருந்துச்சு. ரெண்டு பொம்பள சேந்து நிப்பா. ஒருத்தி முகத்தக் காட்டுவா, இன்னொருத்தி முதுகக் காட்டுவா. மடிப்பு, பித்தான் ஒண்ணு விடாம வரைஞ்சிருப்பாவ. தையக்காரி கஷ்டம் தெரிஞ்ச மகராசங்க. பேரு தெரியாட்டாலும் அவியளுக்காகச் செபம் பண்ணாம நான் படுத்ததில்ல.

— அப்பம் இது?

— இது பாரிசுல போன வருசம் புதுசா ஆரம்பிச்ச புத்தகமாம், துரைசாணி சொன்னாவ. படம் எழுதுதவங்க அவிய மனசுபோல வரையுதாவளாம். தகட்டுல உருவத்த வெட்டி, தாளு மேல வச்சு, ஒவ்வொரு வர்ணமாக் கையாலயே பூசுதாவளாம். தொட்டுப் பாருங்க, வர்ணம் விரல்ல தட்டுப்படும். இவரு எனக்காக வரையல அண்ணே. பாக்குதவிய கண்ணுக்காக வரைஞ்சிருக்காரு.

— தெரியலன்னா வெறுமன விட்டுருக்கணும்லா?

— நானும் கத்திரியத் தொடாம முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பொறவு எதுத்த வீட்டுக் கோமு அக்கா மக வளகாப்புக்குப் போனேன். பூத் தைச்ச சடையோட அந்தப் பிள்ள திரும்பி உக்காந்ததும் தெருவே வாயப் பொளந்துச்சு. நம்ம ஊர்ல பொம்பளைக்கு அழகு பின்னாலல்லா? துரைசாணிக்குச் சடைக்கு எங்க போக? அதான் கழுத்துலேந்து இடுப்பு வரைக்கும் லேஸ் துணியிலயே ஒரு பூச்சடை போட்டு விட்டேன். அந்தப் பிரெஞ்சுக்காரரு எனக்குன்னே எடம் விட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்கட்டும் அவரு.

— வெள்ளக்காரி முதுகுல சடையா! ஏட்டி, உன்னைய...

— மணி அடிக்குதாவ. போங்கண்ணே, சூப்பக் கொண்டு போங்க. நான் இங்கன அடுப்பங்கரையிலயே இருக்கேன்.

— ...

— வந்துட்டியளா? ஏன் இப்படி வேத்துப்போயி நிக்கிய? என்ன ஆச்சு?

— என்னத்தச் சொல்ல! ஜட்ஜ் துரை வந்து குனிஞ்சு சலாம் சொல்லுதாரு. துரைசாணி அவரு மூஞ்சிக்கு நேரா முதுகத் திருப்பிட்டாவ.

— ஐயோ ஆண்டவரே! அம்புட்டுக் கோவமா? நான் போய்க் கால்ல விழுதேன். தப்பு பூராவும் என்னுது, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருதேன். ஊரோட போயி வயக்காட்டு வேல பாத்துக்கிடுதேன். நீங்க எனக்குச் செஞ்சதே ஆயுசுக்கும் போதும் அண்ணே, உங்க வேல போகக் கூடாது.

— அழாதட்டி, முழுசாக் கேளு. பொறவு பாதிரியார் வந்தாரு, அவருக்கும் முதுகுதான். அவரு சம்சாரத்துக்கும் முதுகுதான். சூப்பு ஆறுதுன்னு துரை கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, நாக்காலியில சாஞ்சா பூ கசங்கிருமாம், உக்காரவே மாட்டேங்காவ!