மூன்றாவது உதறல்

தேய்த்து மெருகேற்றுகிற வாட்டர் பேப்பரில் எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். இதுகூடத் தெரியாமல் பெரம்பலூரில் பாதிப்பேர் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்காது, சார். அதனால் மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் இராமலிங்கம். கத்திகளுக்குப் பிளாஸ்டிக் உறை செய்கிறேன். தகட்டைச் சூடாக்கி, இளகியதும் கத்தியின் மேல் வைத்து அழுத்தினால் அதன் உருவத்தை எடுத்துக்கொள்ளும். அதை எந்த மடையனும் செய்வான். வேலை இருப்பது விளிம்பில். நானூறு, எண்ணூறு, இரண்டாயிரம் என்று தாளை மாற்றி மாற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பஞ்சுச் சக்கரத்தில் காட்ட வேண்டும். ஓர் உறைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

மணிவண்ணன் என் கூட்டாளி. சிறுவாச்சூரில் அவன் வீட்டை ஒட்டித்தான் பட்டறை. போனில் வீடியோ போட்டு ஆர்டர் பிடிப்பது அவன். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரே கூத்து. அவன் பெஞ்சில் மல்லாந்து படுப்பான். அவன் மனைவி சுவாதி, கத்தி செருகிய உறையைத் தலைகீழாகப் பிடித்து அவன் கழுத்துக்கு மேலே மூன்று முறை உதறுவாள். கத்தி விழாது. பார்க்கிற கூட்டம் வாயைப் பிளக்கும். அத்தனை வீடியோவிலும் என் விளிம்பு ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை.

மாசி மாதம் முப்பது உறைகளை எனக்குத் தெரியாமல், ரம்பம் அறுத்த விளிம்போடு அப்படியே அனுப்பிவிட்டான். ஒவ்வொன்றிலும் என் பெயர் பொறித்திருந்தது. கேட்டதற்குச் சிரித்தான்.

"விளிம்ப யாருண்ணே பாக்கப் போறா? கத்தி நிக்குதான்னுதான் பாப்பாங்க. இனிமே தேய்க்காதீங்க."

அவன் அப்படித்தான் பேசுவான். ஆனால் முப்பது பேரில் ஒருவன்கூடக் குறை சொல்லவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் 'அருமை' என்று எழுதியிருந்தார். அந்த ஆளை நினைத்தால் இன்னமும் குமட்டுகிறது.

கத்தி நிற்பதுதான் பெரிது என்றால், அது எதனால் நிற்கிறது என்று காட்டிவிட நினைத்தேன். உறையின் வாய்க்குள் மிளகளவு ஒரு புடைப்பு இருக்கும். கத்தி அதில்தான் மாட்டிக்கொள்கிறது. இருப்பதிலேயே கனமான கறிக்கத்திக்கு ஓர் உறை செய்து, விளிம்பை மெருகேற்றிய கையோடு அந்தப் புடைப்பையும் தேய்த்தேன். செருகினால் பழையபடி 'டக்' என்று சத்தம் வர வேண்டும், இரண்டு உதறலைத் தாங்க வேண்டும். மூன்று நாள் ஆயிற்று. அரிசிச் சாக்கின் மேல் உதறி உதறிப் பார்த்தேன். கடைசிப் பத்து முறையும் மூன்றாவது உதறலில்தான் விழுந்தது.

வீடியோ எடுத்த அன்று காலை அதை நானே சுவாதியிடம் கொடுத்தேன். அவள் விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"கண்ணாடியாட்டம் இருக்குண்ணே. எப்படித்தான் தேய்ச்சீங்களோ" என்றாள்.

நான் பெஞ்சை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மணிவண்ணன் படுத்தான். அவள் உதறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் முடிந்துவிட்டான்.

வேண்டுமென்றே செய்தாள் என்று அவன் வீட்டார் சொல்ல, அவள் பத்தொன்பது நாளாக ஜெயிலில் இருக்கிறாள். அவளுக்காக இரக்கப்பட்டு வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நேற்று கோர்ட்டில் அவள் வக்கீல், உறை மட்டமான வேலை என்று சொல்லியிருக்கிறார். அது பேப்பரிலும் வந்துவிட்டது. அதனால்தான் முதல் பஸ்ஸில் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்த உறையை ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள். மட்டமான வேலையா அது? மணிவண்ணனைக் கொன்றது நான். சரியாகத் திட்டமிட்டு, சரியாகச் செய்தேன். ஆனாலும் எனக்குக் கல்நெஞ்சு இல்லை, சார். அந்த மெருகைப் பார்த்து யாராவது ஒருவர், ஒரே ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருந்தால், அங்கேயே நிறுத்தியிருப்பேன்.