குங்குருவின் கண்ணில் பச்சைப் பெயின்ட்

பெயர்: ஓன்யேச்சே அடகோலே. தகப்பனார் பெயர்: அடகோலே ஒக்வூ. வயது: 26. தொழில்: மென்பொருள் பொறியாளர், இராணுவ ஆளில்லா வாகன ஆய்வுக்கூடம், ஒப்பந்தப் பணி. சொந்த ஊர்: பெனுவே மாநிலம், ஒட்டுக்போ. தற்போதைய முகவரி: கடூனா, சபோன் தாசா, கோழிப் பண்ணைக்கு எதிர்வீடு, பின்பக்க அறை. பதிவு செய்பவர்: இராணுவப் போலீஸ் கேப்டன் எஃபியோங்.

நான் மேற்கண்ட முகவரியில் வேறு இரண்டு பெண்களுடன் வசித்து வருகிறேன். என் தகப்பனார் ஒட்டுக்போ சந்தையில் லாரிகளில் வள்ளிக்கிழங்கு ஏற்றும் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் மட்டும். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. என்னை நிரந்தரம் செய்வதற்கான கோப்பு ஆய்வுக்கூடத் தலைவர் கர்னல் பாபாகனாவிடம் இருக்கிறது. இதைச் சொல்லத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை என்று நினைப்பதால் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் நானும், வாகனத்தை ஓட்டிப் பார்க்கும் இயக்குநர் டாவூ சோலோமும் சேர்ந்து, சாலையில் புதைத்து வைத்த குண்டுகளை மோப்பம் பிடிக்கும் ஆளில்லா வாகனம் ஒன்றை உருவாக்கி வந்தோம். சாப்பாட்டு மேசை அளவு இருக்கும், ரப்பர் பட்டைகளில் ஓடும். மெதுவாகப் போவதால் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைக் குங்குரு, அதாவது ஆமை என்று அழைப்பார்கள். அது தானே ஓடும். முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு. அதன் பின்னால் இருக்கும் லேசர் கருவிதான் எதிரில் ஆள் இருக்கிறாரா, கல் இருக்கிறதா என்று பார்க்கும். நாங்கள் அதைக் கண் என்று சொல்வோம். அதைத் தவிர, இயக்குநர் கையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வாகனம் எந்த நிலையிலும் நின்றுவிடும்.

ஹர்மட்டான் காற்று பாலைவனப் புழுதியைக் கொண்டுவரும் மாதங்களில் கண்ணாடியில் தூசி ஒட்டிக்கொள்ளும். வாகனம் அதைச் சுவர் என்று நினைத்து அடிக்கடி நின்றுபோகும். அதனால் கண்ணாடியை ஒட்டினாற்போல் எது தெரிந்தாலும் அதைப் புழுதி என்று ஒதுக்கிவிட்டு மேலே போக வேண்டும் என்று மென்பொருளில் ஒரு கட்டளை சேர்த்தோம். கர்னல் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். அந்தக் கட்டளை சரியாகவே வேலை செய்தது. தூசிக்காகச் செய்ததுதானே தவிர, பெயின்ட்டுக்காகச் செய்ததல்ல.

சம்பவத்துக்கு முந்தைய வாரம், அபுஜாவிலிருந்து பிரதம விருந்தினர் வருவதாகச் செய்தி வந்தது. அவர் பெயரை இங்கே குறிப்பிட வேண்டாம் என்று அதிகாரி சொன்னதால் பிரதம விருந்தினர் என்றே சொல்கிறேன். செய்தி வந்ததும் வளாகம் முழுவதும் பெயின்ட் அடிக்கும் வேலை தொடங்கியது. வாரண்ட் ஆபீசர் இடோவுவின் ஆட்கள் மரங்களின் அடிப்பாகத்துக்கு வெள்ளை அடித்தார்கள், நடைபாதைக் கற்களுக்கு வெள்ளை அடித்தார்கள், தீயணைப்பு வாளிகளுக்குச் சிவப்பு அடித்தார்கள், எங்கள் கதவைத் தாழ்ப்பாளோடு சேர்த்து அடித்ததில் அது இரண்டு நாள் திறக்கவில்லை. பெரியவர்கள் யார் வந்தாலும் இப்படித்தான் நடக்கும், யாரும் இதை வினோதமாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

சம்பவத்தன்று காலை நான் கொட்டகைக்குப் போனபோது குங்குரு புதிதாகப் பச்சை அடித்து வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம், பட்டைக் காப்பு, கம்பி எல்லாம் பச்சை. அதன் பிறகு முன்பக்கம் வந்து பார்த்தேன். கண்ணும் பச்சையாக இருந்தது. கண்ணாடி எங்கே முடிகிறது, தகடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நல்ல வேலைப்பாடு.

வாரண்ட் ஆபீசர் இடோவு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கண்ணாடியில் பெயின்ட் இருக்கிறது என்று சொன்னேன். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. என் குரல் மெல்லியது. மறுபடி சொன்னேன். அவர், "தங்கச்சி, கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் எல்லாம் முடிச்சாச்சு, இப்ப வந்து முகத்தைக் கழுவுங்கறியே" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நான் சாவியால் கண்ணாடி ஓரத்தைச் சுரண்டினேன். அவர் எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டு, "கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது? நீயா? உங்க அப்பாவா?" என்று கேட்டார். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நான் டாவூவைத் தேடிப் போய்ச் சொன்னேன். கூட்டங்களில் நான் சொல்ல வேண்டியதையும் பெரும்பாலும் டாவூதான் எழுந்து சொல்வார், அது எங்களுக்குள் ஒரு பழக்கம். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, கையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியோடு நேராகக் கர்னல் பாபாகனாவிடம் போனார், நானும் பின்னால் போனேன். கர்னல் பந்தலில் நாற்காலிகளை நேராக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாவூ, "சார், வண்டிக்குக் கண்ணு தெரியாது. அரை மணி நேரம் குடுங்க, பெட்ரோல் வச்சுத் துடைச்சிடறேன்" என்றார்.

கர்னல், "நேத்து ஓடுச்சா இல்லையா?" என்று கேட்டார்.

"ஓடுச்சு சார். நேத்து அதுக்குக் கண்ணு இருந்துச்சு."

"வாசல்ல சைரன் கேக்குது, நீ பெட்ரோல் வாளியோட நிக்கப் போறியா? பொத்தானை உன் கையில வச்சுக்கோ. ஏதாவதுன்னா நீ அழுத்து. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

டாவூ சரி சார் என்றார். அவர் சம்மதித்தது, பொத்தான் தன் கையில் இருக்கும் என்ற ஒரே காரணத்தால். இதை அடிக்கோடிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு பிரதம விருந்தினர் வந்தார், பாதிரியாரும் இமாமும் ஒருவர் பின் ஒருவராகப் பிரார்த்தனை செய்தார்கள், கர்னல் உரை நிகழ்த்தினார். திட்டப்படி குங்குரு நேராகப் போய் மணல் மூட்டைகளுக்கு முன்னால் நின்று, சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் காலியிடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் வேப்ப மர நிழல் இருந்ததால் பேண்டு வாத்தியக் குழுவை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

டாவூ பெட்டியுடன் தயாராக நின்றார். அப்போது விருந்தினரின் உதவியாளர், ஐயாவே தொடங்கி வைத்தால் படம் நன்றாக இருக்கும் என்றார். கர்னல் டாவூவைப் பார்த்துக் கையை நீட்டினார். டாவூ பெட்டியைக் கொடுத்தார். விருந்தினரின் கையில் பித்தளைப் பூண் போட்ட கைத்தடி ஒன்று இருந்தது. பெட்டியை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டியிருந்ததால், அந்தத் தடியை அவர் எதிரில் நின்ற டாவூவிடம் கொடுத்தார். டாவூ வாங்கிக்கொண்டார். "சார், நிறுத்தணும்னா சிவப்பு" என்று டாவூ சொன்னது என் காதில் விழுந்தது. உதவியாளர் அதே நேரத்தில், "இந்தப் பக்கம் பாருங்க சார், கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விருந்தினர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். குங்குரு கிளம்பியது. பேண்டு வாசித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

கண்ணில் இருந்த பெயின்ட்டைப் புழுதி என்று ஒதுக்கிவிட்டதால் வாகனம் மணல் மூட்டைகளுக்கு முன்னால் நிற்கவில்லை. தாழ்வாக அடுக்கியிருந்ததால் அவற்றின் மேல் ஏறியது. கூட்டம் அதையும் செய்து காட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டியது. டாவூ, "சிவப்பு சார்! சிவப்பை அழுத்துங்க!" என்று கத்தினார். விருந்தினர் பெட்டியைப் பார்க்கவில்லை, தன்னிடம் இப்படிக் கத்துகிறவன் யார் என்று டாவூவைப் பார்த்தார். அதன் பிறகு வாகனம் மூட்டைகளிலிருந்து இறங்கிப் பேண்டு குழுவுக்குள் போனது. ஊதுகிறவர்கள் விலகி ஓடினார்கள். பெரிய மேளம் சுமந்த லான்ஸ் கார்ப்பொரல் யாக்குபு ஓடவில்லை. மேளம் அவர் முகம் வரை மறைத்திருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் அடித்துக்கொண்டிருந்தார். வாகனம் அவருடைய இடது கால் மேல் ஏறியது.

டாவூ ஓடிப்போய்க் கையில் இருந்ததைப் பட்டைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் திணித்தார். பட்டை கழன்று வாகனம் நின்றது. கையில் இருந்தது உடைந்தது.

அன்று மதியமே டாவூவைக் கைது செய்து காவல் அறையில் வைத்தார்கள். விருந்தினர்களுக்குச் சமைத்த ஜோலோஃப் சோற்றை எங்களுக்குப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். நான் டாவூவுக்கு ஒன்று கொண்டுபோனேன். காவலில் இருப்பவனுக்குக் கொண்டாட்டச் சோறு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் வாரண்ட் ஆபீசர் இடோவுவின் ஆட்கள் பிளேடு வைத்துக் கண்ணாடியைச் சுத்தமாகச் சுரண்டினார்கள். கழன்ற பட்டையை மாட்டி, நசுங்கிய இடங்களைத் தட்டி நேராக்கினார்கள். அதன் பிறகு விசாரணைக் குழு வரப்போகிறது என்பதற்காக வாகனத்துக்கு மறுபடி பெயின்ட் அடித்தார்கள். இந்த முறை கண்ணைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டு அடித்தார்கள். அதை நான் நின்று பார்த்தேன். இடோவு என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "தங்கச்சி, அடிச்சவனைக் கேட்டா அடிக்கச் சொன்னவனைக் கேப்பாங்க. சொன்னவனைக் கேட்டா அவனுக்கு மேல இருக்கறவரைக் கேப்பாங்க. வரிசையா எல்லாருமா உள்ள போகணும்? ஒருத்தன் போயிட்டான், அதோட விடு. அவன் சின்னப் பையன், தாங்கிக்குவான்" என்றார். டாவூவுக்கு முப்பத்தொரு வயது.

விசாரணைக் குழு வந்து குங்குருவை ஓட்டிப் பார்த்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரில் வைத்தார்கள், நின்றது. ஒரு சிப்பாயை நிறுத்தினார்கள், நின்றது. இடம் மாற்றி நிறுத்தினார்கள், அப்போதும் நின்றது. எங்கள் இரண்டு வருட உழைப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. இயந்திரத்தில் கோளாறு இல்லை, ஆகவே தவறு இயக்குநருடையது என்று குழு முடிவு செய்தது. நான் கையை உயர்த்தினேன். பெயின்ட் என்று தொடங்கியதும், குழுத் தலைவர், கேட்டதற்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும்படி சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். அப்படியானால் உட்காரும்படி சொன்னார். உட்கார்ந்தேன்.

அதன் பிறகு கர்னல் பாபாகனா என்னைக் கூப்பிட்டு, என் கோப்பு இந்த மாதம் கையெழுத்தாகிவிடும் என்றும், என் தகப்பனாருக்குச் சொல்லிவிடலாம் என்றும் கனிவாகச் சொன்னார். நான் இன்னும் வீட்டுக்குச் சொல்லவில்லை.

கேப்டன் எஃபியோங் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: சம்பவ நேரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி யாரிடம் இருந்தது? ஒரு வார்த்தையில் சொல்லவும்.

பதில்: விருந்தினரிடம்.

(அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நான் காத்திருந்தேன். சிறிது நேரம் கழித்து மேற்படி பதில் எழுதப்பட்டது.)

கேள்வி: அங்கே ஏராளமான பேர் இருந்தார்கள். வேறு யாரும் அப்படிப் பார்த்ததாகச் சொல்லவில்லையே?

பதில்: வேறு யாரிடமும் கேட்கவில்லை சார்.

கேள்வி: டாவூ சோலோம் மீது உயர் அதிகாரியின் கைத்தடியை உடைத்ததாக இரண்டாவது குற்றச்சாட்டும் உள்ளது. அவர் உடைத்ததைப் பார்த்தீர்களா?

பதில்: பார்த்தேன். ஒரு மனிதரின் காலைக் காப்பாற்ற உடைத்தார். உயர் அதிகாரியின் கைத்தடி ஒரு இயக்குநரின் கைக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள் சார். அவர் தடியை டாவூவிடம் கொடுத்தது எதற்காக என்று கேளுங்கள்.

கேள்வி: கேள்வி கேட்பது என் வேலை.

பதில்: அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அதிகாரி தாள்களை வரிசையாக அடுக்கினார்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடுவில் "பெட்டி இயக்குநரிடமும் இருந்திருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. அது நான் சொன்னதல்ல என்பதால் அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் என் பெயரை முழுமையாக எழுதியிருக்கிறேன். மற்றவை அனைத்தும் நான் நேரில் பார்த்தவை, கேட்டவை. இந்த வாக்குமூலத்தைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவுமில்லை, ஆசை காட்டவுமில்லை. சொல்லாமல் இருக்கத்தான் அதெல்லாம் செய்தார்கள்.

(ஒப்பம்)
ஓன்யேச்சே அடகோலே