போடாத ஊசி

இந்தக் காலத்தில் பெரியவன் இருமினால்கூட மரியாதை இல்லை. முன்பெல்லாம் இருமினால் ஒரு செம்பு தண்ணீர் வரும். இப்போது பக்கத்தில் இருப்பவன் நாற்காலியோடு நகர்ந்துபோகிறான். நீங்களும் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் அம்மா, பரவாயில்லை. சுகாதார ஆபீஸிலிருந்து வந்திருக்கிறீர்கள். க்ளினிக் பட்டியலில் என் பேர் இல்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பேத்திக்கு ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளை. இடுப்பில் கைவைத்து நின்று வீட்டையே மேய்ப்பாள் என்பதால் மேனேஜர் என்று பேர் வைத்தேன். செருப்பைக் கோணலாக விட்டால் "தாத்தா, நேரா" என்பாள். பிறந்தபோதே இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் செய்து அடைத்தாயிற்று. நமக்குத் தும்மலோடு போகிற கிருமி இவளுக்கு நெஞ்சில் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு ஊசி போட்டாலும் முழுசாகக் காக்காதாம். அதனால் சுற்றியிருப்பவர்களும் ஃப்ளூ ஊசி போட வேண்டும், காய்ச்சல் வந்தால் அவள் பக்கம் போகக் கூடாது. மருமகள் இதை எழுதிக் கதவில் ஒட்டினாள். எனக்காகப் பெரிய எழுத்தில்.

நான் நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன். தொழிலில் ஒரு சட்டம் உண்டு: ஓடுகிற மோட்டாரைப் பிரிக்காதே. என் உடம்பு ஓடிக்கொண்டிருந்தது. மகன் என்னை க்ளினிக் வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போனான். நான் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மேஜையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துப் புஜத்தில் அமுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"வலிச்சுதாப்பா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

சந்தேகம் வரக் கூடாதே என்று இரண்டு நாள் கை வலிப்பதாகவும் படுத்துக்கொண்டேன். மருமகள் வெந்நீர்ப் பை கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன்.

மாதம் ஒன்று போயிற்று. பழைய பட்டறைக் கூட்டாளி காய்ச்சலில் கிடந்தான், பார்க்கப் போனேன். மூன்றாம் நாள் எனக்கும் உடம்பு சுட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊசி போட்டும் எப்படி வந்தது என்று நோண்டுவார்கள். அதனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன். அந்த அளவு பொறுப்பு எனக்கும் உண்டு. மேனேஜர்தான் கதவைத் தட்டினாள்.

"தாத்தா, தண்ணி வேஸ்ட்!"

திறந்தேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். தானாக வருகிற பிள்ளையைத் தள்ளிவிட நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

இரண்டு நாளில் அவளுக்குச் சுட்டது. டாக்டர் கேட்டார்: "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் இருந்துச்சா? இருந்தா இப்பவே ஃப்ளூ மருந்தை ஆரம்பிச்சிடலாம்."

"அப்பாகூட ஊசி போட்டாச்சு டாக்டர்" என்றான் மகன். நானும் தலையாட்டினேன். பிறகு, "ஞாயித்துக்கிழமை உங்கக்கா தும்மினாளேம்மா" என்று மருமகளிடம் சொன்னேன். பொய் இல்லை. பரண் தூசி தட்டும்போது தும்மினாள். ஒரு தும்மல்தானே என்று டாக்டர் காய்ச்சலுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு உதடு நீலமாயிற்று. இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மூச்சு மெஷினில் வைத்தார்கள்.

பேத்திக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்ததே அந்த அக்காதான், அவளுடைய பெரியம்மா. மருமகள் வார்டு வாசலிலேயே மறித்து, "நீ கொடுத்துட்டுப் போனது போதும்க்கா, வராதே" என்றாள். அக்காக்காரி படிக்கட்டில் உட்கார்ந்து, "ஒரே ஒரு தும்மல் மாமா" என்று என்னிடம் அழுதாள். "விடும்மா, யாரும் வேணும்னா செய்யறாங்க?" என்று ஆறுதல் சொன்னேன். வேறு யாரும் அவளிடம் பேசக்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் மெஷினை நிறுத்தினார்கள். மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. பேரிங் சத்தம்கூட இல்லாமல் ஓடியது, நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

ஆமாம், ஊசி போடவில்லை. காய்ச்சலை மறைத்தேன். டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை. எழுதிவிட்டீர்களா?

"வீட்ல நீங்களே சொல்லிடுங்க தாத்தா. அந்தப் பெரியம்மா பாவம் இல்லையா?" என்கிறீர்கள். பாவம்தான். ஆனால் அவளுக்கு அந்தப் பழி பழகிவிட்டது. இந்த வயதில் நான் எங்கே போய்ப் பழகுவது?

நான் கிளம்புகிறேன், மகன் வெளியே காத்துக்கொண்டிருக்கிறான். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு மாத்திரைகூட இல்லாமல் நாலே நாளில் என்னை விட்டுப் போன காய்ச்சல் அது. அதில் ஒரு பிள்ளை செத்தது என்று நீங்கள் எழுதலாம், நான் நம்ப மாட்டேன். பெற்றவர்கள் சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள்.