அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்களாம்

அழகமுத்து: மண்சரிவப் பத்தி ஆபீசுல எழுதின அந்த ரிப்போர்ட்ட இன்னொரு தடவ படி.

ஸ்ரீதரன்: நாலு தடவ படிச்சிட்டேன் அத்தான். தோட்டத்துல ஒங்க லயத்து வீடுங்களுக்கு மேல மலையில வெடிப்பு இருந்தத, மண்ணு சரிஞ்ச மறுநாள்தான் ‘டிஸ்கவர்’ பண்ணாங்களாம்.

அழகமுத்து: அப்பிடின்னா?

ஸ்ரீதரன்: கண்டுபிடிக்கிறது.

அழகமுத்து: காணாமப்போன ஆட்டக் கண்டுபிடிக்கிற மாதிரியா?

ஸ்ரீதரன்: இல்ல... அதுக்கு வேற வார்த்த. இது... அதுவரைக்கும் யாருக்குமே தெரியாதத... மொதமொதல்ல...

அழகமுத்து: யாருக்குமே தெரியாதா! ஒங்கக்கா அந்த வெடிப்புல கைய விட்டுக் காட்டினாளே, முழங்கை வரைக்கும் போச்சே! அவ மனுசி இல்லயா?

ஸ்ரீதரன்: மெதுவா அத்தான்... பக்கத்து வீட்டுல...

அழகமுத்து: கேக்கட்டும்! இந்த மஹய்யாவ ஊரு முழுக்கக் கேக்கட்டும்! என் அன்னலட்சுமிய மூணாம் நாளு மண்ணுக்குள்ளருந்து தோண்டி எடுத்தோம். அதுக்கும் இதே வார்த்ததானா?

ஸ்ரீதரன்: அக்காவ இழுக்காதீங்க.

அழகமுத்து: இழுக்காம? வெடிப்பப் பத்தி மனு எழுதி, வீடு வீடா போயி இருவத்திரெண்டு கையெழுத்து வாங்கினவ அவ. ‘தம்பி கண்டியில கிளாக்கு வேல பாக்குறான், இங்கிலீசுல எழுதிக் குடுத்தாத்தான் ஆபீசுல மதிப்பாங்க’ன்னு அந்தப் பெட்டிசத்த ஒன் கையில குடுத்தா. நீ கொண்டுபோய்க் குடுத்ததான?

ஸ்ரீதரன்: ...டீ ஆறுது அத்தான்.

அழகமுத்து: நாளைக்கு விசாரண. மூணு மாசம் முந்தியே எழுதிக் குடுத்தோம்னு மூஞ்சிக்கு நேரா கேக்கப்போறேன். நீ பக்கத்துல நில்லு.

ஸ்ரீதரன்: வேணாம்... என் வேலைக்கு...

அழகமுத்து: வேலயா! கூடப் பொறந்தவ போயிட்டாடா!

ஸ்ரீதரன்: அப்பிடி ஒரு பெட்டிசமே வரலன்னு சொல்லிட்டாங்கன்னா?

அழகமுத்து: ஏன் சொல்றாங்க?

ஸ்ரீதரன்: சும்மா... ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அழகமுத்து: நெசத்தச் சொல்லுடா.

ஸ்ரீதரன்: இங்கிலீசு சரியா வரல... தப்பா இருந்தா ஆபீசுல சிரிப்பாங்கன்னு... திருத்தித் திருத்தி... அக்கா கேக்கிறப்பெல்லாம் குடுத்திட்டேன்னு சொன்னேன். அது... அலுமாரியிலதான் இருக்கு.

அழகமுத்து: தெரியும். காலையிலயே ஆபீசுக்குப் போயி, பதிவுப் புத்தகத்தப் பாக்கச் சொன்னேன்; அப்பிடி ஒண்ணு வரவே இல்ல. நேத்து வரைக்கும் அவனுங்கதான் பொய் சொல்றானுங்கன்னு திட்டிட்டு இருந்தேன்... எடு அத. நீ திருத்தினது வேணாம், அவ வாங்கின கையெழுத்தோட இருக்கிறத எடு. எங்களுக்குத் தெரியும்னு நாளைக்கு அந்த மேசையில வைக்கிறேன். ஒனக்கும் தெரியும்னு நீயே சொல்லு.