பெரியப்பா எடுக்கும் மாமன் சீர்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில், மடியில் ஜவுளிக்கடைப் பையோடு இருந்த பெண் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு நாளைலேருந்து என் ஓரகத்திக்கு அண்ணன்க்கா."

"யாரு, ஒன் கொழுந்தன் கட்டிக்கிட்டு வந்த பிலிப்பைன்ஸ்காரிக்கா?"

"அவதான். பொண்ணு வயசுக்கு வந்துட்டா. மாமன் சீர் செய்யவேண்டிய அவ தம்பிக்கு விசா கெடைக்கல. தெருவுல எந்த விசேஷம்னாலும் முன்ன நிக்கிறவ, மகளிர் குழுத் தலைவி வேற. அவ வீட்டுல சீர் இல்லன்னா நல்லாருக்குமா? அதான் இவரே எடுக்குறேன்னாரு."

"பெரியப்பா எப்பிடிடி மாமனாவாரு?"

"அதான் கொழப்பமா இருக்கு. அப்ப அவ எனக்கு நாத்தனாரா?"

"அவ என்ன சொல்றா?"

"'யாரு மாமன், யாரு பெரியப்பான்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். இப்ப நீங்களே மாத்துறீங்களே'ன்னா. சிரிச்சாளா அழுதாளான்னுதான் தெரியல."