குடற்புழுப் பக்கத்துக்கு வந்த கூட்டம்

தூங்கும்போதும் எவனுக்குச் சம்பாத்தியம் வருகிறதோ அவனே மனிதன், மற்றவனெல்லாம் வெறும் உழைப்பாளி என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அறிவித்தார். அவர் கண்ணாடிக் கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். கூட்டமே இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பதுபோல்தான் பேசுவார். இன்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர், அவர் மனைவியின் அண்ணன். இந்த மச்சான், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியைப் பூனை வளர்ப்பு பற்றிய ஒரு பழைய இணையதளத்தை வாங்கப் போடவிருந்தார். வாங்கிவிட்டால் விளம்பர வருமானம் தானாகக் கொட்டுமாம். இருவரும் பூனை வளர்த்ததில்லை. கடைக்காரருக்குப் பூனை முடி பட்டாலே தும்மல்.

கண் சோதனைக்கு வந்த ஓர் அம்மாள் நாற்காலியில் படித்துக்காட்டிக்கொண்டிருக்கையில், தளத்தை விற்றுத்தரும் தரகரின் அழைப்பு வந்தது.

“ஹலோ... ஆமா, நான்தான் சார்... ஆமா, ஆமா, பணம் ரெடி. மச்சான் பக்கத்துலயேதான் இருக்காரு... என்னது, ஏத்திட்டாங்களா? நேத்து ஒரு விலை, விடிஞ்சா ஒரு விலைன்னா, நாம என்ன வெங்காயமா வாங்குறோம்?... இருங்க சார், ஒரு நிமிஷம். அம்மா, நிறுத்தாதீங்க. கையில இருக்கிற டேப்லெட்ல ரெண்டாவது வரியிலேருந்து படிங்க. கண்ணு கலங்குதா? லென்ஸ் மாத்துறேன்... ஆங், சொல்லுங்க சார்... தளத்துக்கு வர்ற கூட்டம் கூடிருச்சா? எப்பலேருந்து?... மூணு வாரமா... பிச்சுக்கிட்டு ஏறுதா...”

அவர் போனைக் கையால் பொத்தினார். “மச்சான், பாத்தீங்களா நம்ம கைராசிய? வாங்கறதுக்கு முன்னாடியே எகிறுது.”

மச்சானுடைய பெருவிரல் போன் திரைக்கு மேலே, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவனைப்போல நின்றது.

“சார்... இன்னொருத்தர் வேற கேக்குறாரா?... பத்து நிமிஷம்தான் டைமா?... ஐயோ, வச்சிராதீங்க. ஏத்துன விலைக்கே எடுத்துக்கறோம். முன்பணம் இப்பவே... தெரியும் சார், திரும்ப வராதுன்னு தெரியும்... மச்சான், அழுத்துங்க. அழுத்துங்கன்னா. இப்படி யோசிச்சு யோசிச்சுத்தான் முப்பது வருஷம் ஒரே நாற்காலில உக்காந்திருந்தீங்க.”

பெருவிரல் இறங்கியது.

“போயிருச்சு சார். பாருங்க... வந்துருச்சா? அப்பாடா.” கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் ஒரு சுற்றுச் சதை போட்டது. “இப்ப முதலாளியா ஒண்ணு கேக்குறேன். யாரு சார் இந்தப் புது வாசகருங்க?... ம்... ம்... ஒரே பக்கத்துல கால் மணி நேரமா? நிறுத்தி நிதானமா படிக்கிறாங்க, மச்சான், இந்தக் காலத்துல... எந்தப் பக்கம் சார்?... பூனைக்குக் குடற்புழு... சரி... எல்லாருமே அதேதானா? வேற எதையும் தொடறதில்லையா?... விளம்பரத்தைக் கூடவா?”

சாய்ந்தவர் நிமிர்ந்தார்.

“எந்த ஊருலேருந்து வராங்க?... ஒரே ஊரா... எந்த... நம்ம ஊரா?... காலைல கடை திறக்குற நேரத்துல ஆரம்பிக்குதா... ஆமா... ஆமா... மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஓஞ்சிருது... ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கூட... சார், நான் என்ன சொல்றேன்னா, அந்த முன்பணம்... இல்ல, இல்ல, சந்தோஷம்தான்... கேக்குதா? ஹலோ?... ஹலோ...”

தரகர் வைத்துவிட்டார்.

“யாராம் வாசகருங்க?” என்றார் மச்சான்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சோதனை நாற்காலியில் இருந்த அம்மாள், புது லென்ஸ் வழியாகப் பூனையின் குடற்புழுவைப் பற்றி எழுத்தெழுத்தாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

கண் சோதிக்கும் பழைய எழுத்து அட்டைகளைக் கழற்றச் சொல்லி, நாம் வாங்கப்போகும் தளம் என்ற பெருமையில், சங்கத்துக் கடைகள் அத்தனையிலும் வருபவர்களை டேப்லெட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்க வைத்தவர் செயலாளர்தான். அது மூன்று வாரத்துக்கு முன்பு.