பின் சீட்டில் ஓர் ஒத்திகை

இப்போது புனே பஸ்ஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் காதில் விழுகிறது. நம்மவர்களும் பார்த்துத்தான் பேசுகிறார்கள். செல்போன் புதிதாக வந்த அந்த வருஷங்களில் அப்படியில்லை. சாங்வியிலிருந்து டெக்கான் போகும் காலை பஸ்ஸில் என் பின் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள்.

“மெதுவா பேசேன்.”

“எதுக்கு? இங்க யாருக்குத் தமிழ் தெரியும்?”

மடியில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளினேன்.

“உங்கப்பா வேலைய விடச் சொல்றாரு. நான் விட மாட்டேன். வீட்டுல சொல்லணும்னு தினம் நினைக்கிறேன், அவரைப் பாத்ததும் முழுங்கிடுறேன்.”

“பஸ்ல மட்டும் புலி.”

“கிண்டல் பண்ணாதீங்க. இன்னைக்கு சாயங்காலம் சொல்லப்போறேன். எங்க, நீங்க உங்கப்பாவா இருங்க, சொல்லிப் பாக்குறேன்.”

அவர் கனைத்துக்கொண்டார். “என்னம்மா, ராஜினாமா எழுதிட்டியா?”

“இல்ல மாமா... வந்து...”

“இப்படி இழுத்தா அவரே பேனா எடுத்துக் குடுத்துடுவாரு. மறுபடி சொல்லு.”

“இல்ல மாமா, நான்...” குரல் உடைந்தது.

“அழாத. நான் பக்கத்துலதான் நிப்பேன்.”

அப்போது பார்த்து என் செல்போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா. நான் தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் பின் சீட்டுப் பெண்ணின் வாய் அடைத்துப்போகும். பிறகு பேசுகிறேன் என்று இந்தியில் சொன்னேன். ராங் நம்பர் என்று அம்மா வைத்துவிட்டாள்.

“இல்ல மாமா. நான் வேலைய விடப்போறதில்ல.”

இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.